நிணநீர் வீக்கமும் காற்றழுத்தக் கருவிச் சிகிச்சையும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

இப்பக்கம் யாருக்கானது?

கால் அல்லது கை நெடுநாளாக வீங்கியிருப்போருக்கும், அவர்களை வீட்டில் பராமரிப்போருக்கும் இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. இரும்புலியூர் உள்ளிட்ட தாம்பரம் பகுதியில் இவ்வீக்கத்துடன் வருவோரில் இரு பிரிவினர் முக்கியமானவர்கள். யானைக்கால் நோயால் பல ஆண்டுகளுக்கு முன் பாதிக்கப்பட்டவர்கள் ஒரு பிரிவினர். மார்பகப் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சையோ கதிர்வீச்சுச் சிகிச்சையோ பெற்றபின் கை வீங்கியவர்கள் மற்றொரு பிரிவினர். வீக்கத்தைக் குறைக்கும் காற்றழுத்தக் கருவிகளைப் பற்றி இவ்விரு பிரிவினரும் அடிக்கடி கேட்கின்றனர். கருவி பயனுள்ளதே, ஆயினும் அது துணைக் கருவி மட்டுமே. அன்றாடத் தோல் பராமரிப்பு, அழுத்தக் கட்டு, உடற்பயிற்சி ஆகியவற்றின் இடத்தை அது நிரப்பாது. சில நிலைகளில் அது தீங்கும் விளைவிக்கும். எனவே கருவியை வாங்குவதற்கு முன்னரே கீழ்க்காணும் செய்திகளை அறிந்துகொள்ளுங்கள்.

நிணநீர் மண்டலம் எவ்வாறு இயங்குகிறது?

இரத்தக் குழாய்களின் நுண்ணிய சுவர்கள் வழியாக நாள்தோறும் பல லிட்டர் திரவம் திசுக்களுக்குள் கசிகிறது. அதனுடன் புரதங்களும் வெளியேறுகின்றன. இவற்றைச் சேகரித்து மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் பணி. வழியில் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு முதலிய இடங்களிலுள்ள நிணநீர் முடிச்சுகள் இத்திரவத்தை வடிகட்டிக் கிருமிகளை எதிர்க்கின்றன. உடலில் இத்தகைய முடிச்சுகள் 500-க்கும் மேற்பட்டவை உள்ளன. இறுதியில் நிணநீர் கழுத்தின் அடிப்பகுதியிலுள்ள பெருஞ்சிரைகளில் கலக்கிறது.

இரத்த ஓட்டத்திற்கு இதயம் இருப்பதுபோல் நிணநீர் ஓட்டத்திற்குத் தனி உறுப்பு இல்லை. குழாய்ச் சுவர்களின் சுருக்கம், நடக்கும்போது தசைகள் தரும் அழுத்தம், ஆழ்ந்த மூச்சு ஆகியவையே அதனை மேல்நோக்கி நகர்த்துகின்றன. குழாய்களினுள் உள்ள தடுக்கிதழ்கள் திரவம் கீழே திரும்புவதைத் தடுக்கின்றன. இக்குழாய்களோ முடிச்சுகளோ சிதைந்தால் புரதம் நிறைந்த திரவம் திசுக்களில் தேங்குகிறது. இதுவே நிணநீர் வீக்கம்.

தொடக்கத்தில், விரலால் அழுத்தினால் குழி விழும். இரவு காலை உயர்த்தி உறங்கினால் காலையில் வீக்கம் வடிந்திருக்கும். கவனிக்காது விட்டால் தேங்கிய புரதத்தால் திசு தடித்து இறுகும். அதன்பின் உயர்த்தி வைத்தாலும் வீக்கம் முழுவதும் வடியாது. முற்றிய நிலையில் தோல் மடிப்புகளும் கணுக்களும் தோன்றும்.

இப்பகுதியில் காணப்படும் காரணங்கள்

யானைக்கால் நோயை உண்டாக்கும் நுண்புழு, கழிவுநீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவின் கடியால் பரவுகிறது. இந்நுண்புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877-இல் பேட்ரிக் மேன்சன் கண்டறிந்தார். இந்தியாவில் 1955-இல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2004 முதல் நோய் பரவும் மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை மக்கள் அனைவருக்கும் மாத்திரை வழங்கும் முறை நாடு தழுவிய அளவில் நடைமுறைக்கு வந்தது. டைஎதில்கார்பமசின், அல்பெண்டசோல் ஆகியவை அம்மாத்திரைகள். அவை இரத்தத்திலுள்ள நுண்புழுக்களை அழித்து நோய் பிறருக்குப் பரவுவதைத் தடுக்கின்றன. பல ஆண்டுகளாக வீங்கிய காலை அம்மாத்திரை பழைய நிலைக்குக் கொண்டுவராது. சிதைந்த குழாய்கள் மீளாததே இதற்குக் காரணம். "மாத்திரை சாப்பிட்டும் வீக்கம் குறையவில்லை" என்று மனம் தளர வேண்டாம்; வீக்கத்திற்கான பராமரிப்பு வேறு.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் முடிச்சுகள் அகற்றப்பட்ட பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குக் கையில் நிணநீர் வீக்கம் தோன்றலாம். இது சில மாதங்களிலோ, பல ஆண்டுகள் கழித்தோ தோன்றக்கூடும். வளையல் இறுகுதல், ரவிக்கையின் கை பிடித்தல், கை கனத்தல் ஆகியவை முதல் அறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

கால் வீக்கம் அனைத்தும் நிணநீர் வீக்கம் அன்று. இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றின் கோளாறுகளாலும் சிரை இரத்த உறைவினாலும் கால் வீங்கும். ஆகவே காரணத்தை மருத்துவர் உறுதிசெய்யும் முன்னர் எக்கருவியையும் பயன்படுத்தக் கூடாது.

காற்றழுத்தக் கருவி என்ன செய்கிறது?

காலையோ கையையோ சுற்றி அணியும் உறையும், அதற்குக் காற்றை அனுப்பும் பொறியும் சேர்ந்ததே இக்கருவி. உறையினுள் பல அறைகள் உள்ளன. பாதத்தின் பக்கம் உள்ள அறை முதலில் காற்றால் நிரம்பும். அடுத்தடுத்த அறைகள் வரிசையாக மேல்நோக்கி நிரம்பும். பின்னர் அனைத்தும் தளரும். இச்சுழற்சி மீண்டும் மீண்டும் நிகழ்ந்து திரவத்தை உடலின் மையப்பகுதியை நோக்கி நகர்த்துகிறது. பெரும்பாலும் 30 முதல் 60 மி.மீ. பாதரச அளவிலான அழுத்தத்தில், ஒரு வேளைக்கு 30 முதல் 60 நிமிடம் வரை பயன்படுத்தப்படுகிறது. உங்களுக்குரிய அழுத்தத்தையும் நேரத்தையும் மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ எழுதித் தர வேண்டும்.

கருவியின் எல்லையையும் அறிந்திருங்கள். அது தேங்கிய நீரை நகர்த்தும். ஆனால் திசுவில் தங்கிய புரதத்தைப் பெருமளவில் அகற்றுவதில்லை. எனவே உறையைக் கழற்றியபின் அழுத்தக் காலுறை அணியாவிடில் வீக்கம் விரைவில் திரும்பும். மேலும் காலிலிருந்து நகர்ந்த திரவம் தொடையின் மேற்பகுதியிலோ பிறப்புறுப்பிலோ தேங்கக்கூடும். யானைக்கால் நோயுள்ள ஆண்களுக்கு விரைவீக்கம் ஏற்கெனவே இருக்க வாய்ப்புண்டு. கூச்சம் காரணமாக அதனை மறைக்காமல், கருவிச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் கூறுங்கள்.

கருவியை எப்போது பயன்படுத்தக் கூடாது?

• வீங்கிய பகுதி சிவந்து, சூடாகி, வலியுடன் இருந்தாலோ குளிர்காய்ச்சல் கண்டாலோ
• காலில் ஆழ்சிரை இரத்த உறைவு இருந்தால் அல்லது அதற்கான ஐயம் இருந்தால்
• இதயச் செயலிழப்பு கட்டுப்பாட்டில் இல்லாதபோது
• தமனி அடைப்பினால் காலுக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைந்திருந்தால்
• திறந்த புண்ணில் கிருமித்தொற்று இருந்தால்

அப்பகுதியில் புற்றுநோய் தற்போது இருப்பவர்கள் புற்றுநோய் மருத்துவரின் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது. நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் அழுத்தம் மிகுந்தாலும் உணரமாட்டார்கள். அவர்கள் முதல் சில முறை மருத்துவமனையிலேயே, பிறர் கண்காணிப்பில் பயன்படுத்துவது நல்லது.

வீட்டில் பயன்படுத்தும் முறை

1. சிறுநீர் கழித்துவிட்டு, படுத்த நிலையில் காலைச் சற்று உயர்த்தி வையுங்கள்.
2. தோலில் வெடிப்பு, கொப்புளம், சிவப்பு உள்ளதா என்று பாருங்கள். விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும். பார்வை குறைந்தவர்களுக்குப் பராமரிப்பாளர் பார்த்துச் சொல்ல வேண்டும்.
3. மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றியபின் உறையை அணியுங்கள். துணியில் மடிப்பு இருக்கக் கூடாது.
4. கருவியை இயக்கும் முன் ஐந்து முறை மெதுவாக ஆழ்ந்து மூச்சிழுத்து விடுங்கள். கைவழி நிணநீர் வடிப்பு முறையை இயன்முறை மருத்துவர் கற்றுத் தந்திருந்தால் அதனையும் முதலில் செய்யுங்கள்.
5. எழுதித் தந்த அழுத்தத்தை மீறாதீர்கள். அழுத்தத்தைக் கூட்டினால் விரைவில் வடியும் என்பது தவறு. மிகை அழுத்தம் நுண்ணிய நிணநீர்க் குழாய்களைச் சிதைக்கும்.
6. கருவி இயங்கும்போது உறங்கக் கூடாது. வலி, மரத்துப்போதல், விரல்கள் நீலமாதல், மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே நிறுத்துங்கள்.
7. முடிந்தவுடன் அழுத்தக் காலுறையையோ கட்டையோ அணியுங்கள்.

வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், குதிகாலிலிருந்து ஒரே உயரங்களில் காலின் சுற்றளவை அளவுநாடாவால் அளந்து குறித்து வையுங்கள். வீக்கம் குறைகிறதா என்பதை இக்குறிப்பு கொண்டே மருத்துவர் முடிவு செய்வார். கருவியை விலைக்கு வாங்கும் முன் மருத்துவமனையில் சில வாரம் பயன்படுத்திப் பலன் உள்ளதா என்று பார்ப்பது பணத்தைக் காக்கும்.

அழகு நிலையங்களிலும் விளம்பரங்களிலும் "நிணநீரைச் சுத்திகரித்து உடலின் நச்சுகளை வெளியேற்றும்" என்று கூறிக் கருவிச் சேவைகள் அளிக்கப்படுகின்றன. கழிவுகளை அகற்றுவது கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பணி. நலமாக உள்ளவருக்கு இத்தகைய கருவி தேவையில்லை. நோயுள்ளவர் இத்தகைய இடங்களில் சிகிச்சை பெறுவது பாதுகாப்பானதன்று.

கருவி இல்லாமலும் தவறாது செய்ய வேண்டியவை

தினமும் காலைச் சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு மென்மையாகக் கழுவி, விரலிடுக்குகளையும் தோல் மடிப்புகளையும் ஈரமின்றி ஒற்றித் துடையுங்கள். சேற்றுப்புண் இருந்தால் மருத்துவர் தந்த பூஞ்சை எதிர்ப்புக் களிம்பைப் பூசுங்கள். நகத்தைத் தோலை வெட்டிவிடாமல் நறுக்குங்கள். வெறுங்காலுடன் நடக்காதீர்கள். அமர்ந்திருக்கும்போது காலை உயர்த்தி வைத்து, கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள். கொதிநீர் ஒத்தடம், சூடான எண்ணெய், வலுவான உருவுதல் ஆகியவற்றைத் தவிர்க்கவும். சித்த மருத்துவமும் பெறுவோர், இரு மருத்துவர்களுக்கும் அதனைத் தெரிவிக்க வேண்டும்.

அழுத்தக் காலுறையைக் காலையில் வீக்கம் கூடுமுன் அணிந்து, உறங்கும்போது கழற்ற வேண்டும். சென்னையின் வெயிலில் பலர் அதனை ஓரிரு வாரத்தில் கைவிடுகின்றனர். இரண்டு இணைகள் வைத்திருந்து ஒன்றைத் துவைத்து நிழலில் உலர்த்துவதும், வெயில் மிகுந்த நேரத்தில் வெளியே செல்வதைத் தவிர்ப்பதும் உதவும். மின்தொடரில் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை நின்றபடி செல்வோர் குதிகாலை உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சியைச் செய்துகொண்டே செல்லலாம்.

மழைக்காலத்தில் கூடுதல் கவனம்

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய பகுதிகள் நீரில் மூழ்கியதை இப்பகுதி மக்கள் அறிவர். தேங்கிய நீரில் நடப்பது வீங்கிய காலுக்குப் பேரிடர். சிறு வெடிப்பின் வழியே கிருமி நுழைந்து குளிர்காய்ச்சலுடன் கூடிய அழற்சியை உண்டாக்கும். இத்தகைய அழற்சி ஒவ்வொரு முறையும் எஞ்சியுள்ள நிணநீர்க் குழாய்களைச் சிதைத்து வீக்கத்தை மேலும் நிலைபெறச் செய்கிறது. வீக்கம் பெருகுவதைத் தடுக்க முதலில் இவ்வழற்சியைத் தடுக்க வேண்டும்.

அக்டோபர் மாதத்திற்கு முன்னரே காலுறை, களிம்பு, மருந்துச் சீட்டு ஆகியவற்றை நீர் புகாத பையில் இட்டு உயரமான இடத்தில் வையுங்கள். நீரில் இறங்க நேர்ந்தால் வீடு திரும்பியவுடன் காலைக் கழுவி உலர்த்திச் சோதியுங்கள். மின்சாரம் இல்லாத நாள்களில் கருவி இயங்காது. கட்டும் பயிற்சியும் உயர்த்தி வைத்தலும் அப்போதும் இயலும். வீட்டைச் சுற்றிக் கழிவுநீர் தேங்காது பார்த்துக்கொள்வதும், கொசுவலை பயன்படுத்துவதும் குடும்பத்தில் பிறருக்கு யானைக்கால் நோய் வராமல் காக்கும்.

எப்போது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

திடீரெனக் குளிர்காய்ச்சலுடன் கால் சிவந்து வலித்தால் அன்றே செல்லுங்கள். காலைக் குளிர்ந்த நீரால் நனைத்த துணியால் ஒற்றி, உயர்த்தி வைத்து, கருவியையும் கட்டையும் நிறுத்திவிடுங்கள். அழற்சி முழுவதும் அடங்கியபின், மருத்துவர் கூறும்போது மீண்டும் தொடங்கலாம். ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் கெண்டைக்காலில் வலியும் தோன்றினாலோ, மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் ஏற்பட்டாலோ 108-ஐ அழையுங்கள்.

எங்கு அணுகலாம்?

முதலில் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். யானைக்கால் நோயாளிகளுக்கு வழங்கப்படும் பராமரிப்புப் பொருள்கள் பற்றியும், முற்றிய நிலையிலுள்ளவர்களுக்கான அரசு உதவித்தொகை பற்றியும் அங்குக் கேட்டறியலாம். அங்கிருந்து தேவைக்கேற்பத் தாம்பரம் அரசு மருத்துவமனை, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னை கே.கே. நகரிலுள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் ஆகியவற்றிற்குப் பரிந்துரை பெறலாம். நடக்க இயலாதவர்கள், 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை பெற வாய்ப்புள்ளதா என்று சுகாதாரப் பணியாளரிடம் விசாரியுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

நிணநீர் வீக்கம் பெரும்பாலும் முற்றிலும் மறைவதில்லை. ஆயினும் அதனைக் கட்டுக்குள் வைத்து வேலைக்குச் செல்லவும், விரும்பியவாறு நடமாடவும் இயலும். முதற்படியாக, இன்றிரவு காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளை ஒரு முறை பாருங்கள்.