மகனுக்காகத் தாய் தொடங்கிய கம்பெனி

ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ரசிகமணி டி.கே.சி.யின் நினைவிடம் இருக்கிறது. பாட்டு என்றால் கேட்கிறவனுக்குப் புரிய வேண்டும், அவன் வீட்டில் பேசும் மொழியில் இருக்க வேண்டும் என்று 1954இல் மறையும்வரை சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர். 1940களில் தமிழிசை இயக்கம் கிளம்பியபோது ராஜாஜி, கல்கி ஆகியோருடன் முன்வரிசையில் நின்றார். அந்த வாதம் முழுக்கச் சொல்லைப் பற்றியது. நாகசுவரம் அதில் மாட்டிக்கொள்ளவே இல்லை. சீவாளி வழியாக வருவது தெலுங்குக் கீர்த்தனையா, தமிழ்ப் பாட்டா என்று கல்யாண வீட்டில் யார் விசாரித்தார்கள்?

தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம், வீரவநல்லூர் வழியாகத் திருநெல்வேலி போகும் ரயில் பாதையில் காருகுறிச்சி வருகிறது. நாகசுவர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் அருணாசலம் பிறந்த ஊர். 1964இல், நாற்பத்து மூன்று வயது நிறையும் முன்பே அவர் போய்விட்டார். அவருடைய வாசிப்பு போகவில்லை. தெற்கத்தி ஊர்களில் பந்தல் போட்டதும் ரேடியோ செட்காரர் வந்து குழாயைக் கட்டுவார்; பிறகு காருகுறிச்சியாரின் தட்டு சுழலும். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போட்ட அதே நாகசுவரம். பெரிய வித்வானை அழைக்க வசதியில்லாத வீட்டு வாசலிலும் தட்டின் தயவில் அவர் வாசித்தார்.

இந்த வாரம் சொல்லப்போவது, அதே காலத்தில் உலகத்தின் வேறொரு மூலையில் பிறந்த, சொல்லே இல்லாத சில சின்னத் தட்டுகளின் கதை. அவற்றின் பின்னால் பெரிய கம்பெனி எதுவும் இல்லை. முதல் தட்டில் கிட்டார் வாசித்த இருவர் கட்டட வேலைக்காரர்கள்.

அமெரிக்காவின் வடமேற்கில், வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா என்றொரு துறைமுக நகரம். 1958இல் டான் வில்சனும் பாப் போகிளும் அங்கே சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள். பகலில் கொத்து வேலை, மாலையில் அடகுக் கடையில் வாங்கிய பழைய கிட்டார். ஒருவர் மெட்டை வாசிப்பார், மற்றவர் தாளத்தோடு சுரக்கூட்டுகளை அடித்துக்கொண்டு போவார். பக்கவாத்தியம் கிடையாது. முதலில் ‘வெர்சடோன்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே வேறொரு குழு இருந்தது. ‘வென்ச்சர்ஸ்’ என்ற புதிய பெயரைச் சொன்னவர் டானின் அம்மா ஜோசி வில்சன்.

அந்த அம்மாள் பெயர் வைத்ததோடு நிற்கவில்லை. சியாட்டில் நகரில் டோல்டன் என்ற இசைத்தட்டுக் கம்பெனி இருந்தது. அதை நடத்திய பாப் ரைஸ்டார்ஃப் இவர்களை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். ‘நாமே போட்டால் என்ன?’ என்ற இடத்துக்கு ஜோசி வந்தார். ‘புளூ ஹொரைசன்’ என்ற பெயரில் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கினார். கம்பெனி என்பதே பெரிய வார்த்தை. ஒரு தாய், ஒரு பெயர்ச்சீட்டு, பிள்ளைகளின் இசை. அவ்வளவுதான் அதன் மூலதனம். ராக் இசை வரலாற்றைச் சொல்கிறவர்கள் இவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நடுநாயகமே இவர்தான்.

முதலில் போட்ட தட்டு எடுபடவில்லை. அதில் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் வெறும் வாத்தியம். இரண்டாவது தட்டுக்கு இவர்கள் எடுத்துக்கொண்ட மெட்டு ‘வாக், டோன்ட் ரன்’. ஜாஸ் கிட்டார் மேதை ஜானி ஸ்மித் 1954இல் அமைத்தது. செட் அட்கின்ஸ் அதைத் தம் பாணியில் பல விரல்களால் மீட்டிப் பதிவு செய்திருந்தார். வில்சனும் போகிளும் மெட்டைப் பிடித்தது அட்கின்ஸின் தட்டிலிருந்துதான். அவரைப் போல வாசிக்க இவர்களுக்கு வரவில்லை. அதனால் நகாசுகளை எல்லாம் உதிர்த்து, மெட்டின் எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு, அடியில் திடமான தாளத்தை ஓட விட்டார்கள். நோக்கி எட்வர்ட்ஸ் பேஸ் கிட்டார், ஸ்கிப் மூர் டிரம்ஸ். பதிவு நடந்தது சியாட்டிலில் ஜோ போல்ஸ் என்பவர் தம் வீட்டு நிலவறையில் வைத்திருந்த ஸ்டுடியோவில். மொத்தம் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். அறுபது ஆண்டு கழித்துக் கேட்டாலும் அந்த இரண்டு நிமிடத்தில் ஓர் அடி வீணாகவில்லை என்பது தெரிகிறது.

இங்கே தட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊர் ரேடியோ செட்களில் ஓடிய பழைய 78 சுற்றுத் தட்டு அரக்கால் ஆனது. கீழே விழுந்தால் போச்சு. 1949இல் ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனி ஏழு அங்குல வினைல் தட்டைக் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு ஒரு பாட்டு. விலை குறைவு, எடை குறைவு, தபாலில் அனுப்பினாலும் உடையாது. செய்முறையும் ரகசியமில்லை. நாடாவில் பதிந்ததை லாக்கர் பூசிய தட்டில் பள்ளமாக வெட்டுவார்கள். அதன்மேல் உலோகத்தைப் படியவைத்து அச்சு எடுப்பார்கள். சூடான வினைலை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் தட்டு. காசு கொடுத்தால் யாருடைய இசையையும் இப்படி அழுத்தித் தரும் ஆலைகள் அமெரிக்காவில் பல இருந்தன. கல்யாணப் பத்திரிகை அடிக்க அச்சகத்துக்குப் போவதுபோல ஜோசி போன்றவர்கள் அங்கே போக முடிந்தது.

தட்டு வந்துவிட்டது, யார் கேட்பது? சியாட்டிலின் கே.ஜே.ஆர். வானொலியில் பாட் ஓ’டே என்ற அறிவிப்பாளருக்கு இந்தத் தட்டு பிடித்துப்போனது. மணிக்கு ஒருமுறை வரும் செய்தியை ஒட்டி அதை ஓட விட்டார். சொல் இல்லாத இசைக்கு வானொலியில் எப்போதும் ஒரு இடம் உண்டு. எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், யாருடைய வாக்கியமும் பாதியில் அறுபடாது. நம் வானொலியிலும் நிகழ்ச்சி சீக்கிரம் முடிந்துவிட்டால் வீணையோ புல்லாங்குழலோ வந்து அந்த இரண்டு நிமிடத்தை நிரப்பும். கேட்டுக் கேட்டே மனத்தில் பதிந்துபோன அந்தத் துணுக்குகள் யார் வாசித்தவை என்று பலருக்கும் தெரியாது. சியாட்டில்காரர்கள் தெரிந்துகொள்ள விரும்பினார்கள். நிலையத்துக்கு விசாரிப்புகள் வந்தன. முன்பு வேண்டாம் என்ற டோல்டன் கம்பெனியே தேடி வந்து தட்டை வாங்கி, லிபர்ட்டி நிறுவனத்தின் மூலம் நாடு முழுவதும் அனுப்பியது. 1960 கோடையில் பில்போர்டு பட்டியலில் ‘வாக், டோன்ட் ரன்’ இரண்டாம் இடத்தைப் பிடித்தது. மேலே இருந்தது எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டு.

டிரம்ஸ் வாசித்த ஸ்கிப் மூருக்கு இரண்டு வழி சொல்லப்பட்டது: தட்டின் வருமானத்தில் பங்கு, அல்லது கையில் 25 டாலர். அவர் 25 டாலரை வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஒரு வீட்டு நிலவறையில் பதிவான, ஓர் அம்மாள் வெளியிடப்போகும் தட்டு இவ்வளவு தூரம் போகும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

ஜோசியைப் போலவே தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு தகப்பனாரும் இருந்தார். ரிச்சர்ட் மன்சூர் என்ற டிக் டேலின் தந்தை ஜிம் மன்சூர், மகனுக்காக ‘டெல்டோன்’ என்ற கம்பெனியைத் தொடங்கினார். தந்தை வழியில் லெபனான் குடும்பம். வீட்டில் ஊத் வாத்தியமும் தர்புகா தாளமும் கேட்டு வளர்ந்தவர் டிக் டேல். அந்தத் தாள வேகத்தைக் கிட்டார் தந்திக்கு மாற்றினார். கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளில் வழங்கிய ‘மிசிர்லூ’ என்ற பழைய மெட்டை, ஒரே தந்தியில் விடாமல் மேலும் கீழும் மீட்டி 1962இல் தட்டாகக் கொண்டுவந்தார். முப்பத்திரண்டு ஆண்டு கழித்து ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ படத்தின் தொடக்கத்தில் அது ஒலித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

அதே கலிஃபோர்னியாவில் பள்ளிக்கூடப் பையன்கள் சேர்ந்து ‘சர்ஃபாரிஸ்’ என்ற குழுவை நடத்தினார்கள். குக்கமாங்கா என்ற சிற்றூரில் பால் பஃப் வைத்திருந்த ஸ்டுடியோவுக்கு ஒரு பாட்டைப் பதியப் போனார்கள். தட்டின் மறுபக்கத்துக்கு ஏதாவது வேண்டுமே என்று அங்கேயே அமைத்ததுதான் ‘வைப் அவுட்’. பலகை முறியும் சத்தம், ஒரு பைத்தியச் சிரிப்பு, அப்புறம் ரான் வில்சனின் டிரம்ஸ். அந்தச் சிரிப்பு மேலாளர் டேல் ஸ்மாலினுடையது. தட்டை முதலில் வெளியிட்டதும் அவருடைய பெயரின் முதலெழுத்துகளால் ஆன ‘டி.எஃப்.எஸ்.’ கம்பெனிதான். பெரிய நிறுவனம் வாங்கியதும் 1963இல் அதுவும் இரண்டாம் இடம் வரை போனது. தவில் தனியை ரசிக்கிற நம் காதுக்கு ‘வைப் அவுட்’ புரிய ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை.

சொல் இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1958இல் லிங்க் ரே வெளியிட்ட ‘ரம்பிள்’ தட்டை அமெரிக்காவின் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. ஒலிபெருக்கியின் ஸ்பீக்கர் காகிதத்தில் பென்சிலால் ஓட்டை போட்டு அவர் வரவழைத்த கரகரப்பும், தெருச் சண்டையைக் குறிக்கும் அந்தத் தலைப்பும் இளைஞர்களைக் கெடுத்துவிடும் என்று பயந்தார்கள். ஒரு சொல்கூட இல்லாத தட்டுக்கு இந்தக் கதி.

சொல் இல்லாததன் பலன் ஜப்பானில் தெரிந்தது. 1962இல் வென்ச்சர்ஸ் முதன்முறை அங்கே போனபோது வில்சன், போகிள் இருவர் மட்டுமே போனார்கள். 1965இல் முழுக் குழுவாகப் போனபோது நாடு முழுவதும் பையன்கள் மின்கிட்டார் வாங்க அலைந்தார்கள். ஆங்கிலம் தெரியாதது யாருக்கும் தடையாகவில்லை.

அப்படியானால் அதே 1960களில் மின்கிட்டாரைக் கையில் எடுத்த நம் சென்னைப் பையன்கள் ஏன் சொந்தத் தட்டு போடவில்லை? திறமைக் குறைவு காரணமில்லை. அச்சு இயந்திரம்தான் காரணம். அன்று இந்தியாவில் விற்ற இசைத்தட்டுகளில் மிகப் பெரும்பகுதி கல்கத்தாவை அடுத்த டம்டமில் எச்.எம்.வி.யின் கிராமபோன் கம்பெனி ஆலையில் உருவானது. அவர்கள் சம்மதித்தால் தட்டு. இல்லாவிட்டால் இசை மேடையோடு சரி. 1970, 71 ஆண்டுகளில் ஒரு சிகரெட் கம்பெனி ‘சிம்லா பீட்’ என்ற போட்டியை நடத்தி, தேர்ந்த குழுக்களின் இசையை நீண்ட தட்டாக வெளியிட்டது. நாட்டின் பல நகரங்களிலிருந்து போன குழுக்களுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே பதிவு அந்த விளம்பரத் தட்டாக இருந்தது. அதற்குமுன் எத்தனை மெட்டுகள் காற்றோடு போயின என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஒரு ஜோசி வில்சன் சென்னையில் இருந்திருந்தாலும், தட்டை அழுத்தித் தர ஆலைக்கு அவர் எங்கே போயிருப்பார்?

காருகுறிச்சியாரின் தட்டுகளும் பெரிய கம்பெனி வழியாக வந்தவைதான். அவருக்கு இருந்த புகழுக்குக் கதவு திறந்தது. கோயில் கொடைகளில் விடிய விடிய நையாண்டி மேளம் வாசித்தவர்களுக்கு அது திறக்கவில்லை. 1980களில் கேசட் வந்த பிறகே அவர்களுடைய நாகசுவரமும் தவிலும் பம்பையும் பதிவாகிக் கடைக்கு வந்தன. நாடாவில் படியெடுக்கப் பெரிய ஆலை வேண்டாம். ஓர் அறையும் சில இயந்திரங்களும் போதும். தென்காசி, சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துச் சின்னக் கடைகள் வழியாகக் கரகாட்ட மேளமும் வில்லுப்பாட்டும் பேருந்து ஏறிப் போயின. 45 சுற்றுத் தட்டு டகோமாவில் செய்த வேலையை இங்கே செய்தது கேசட்தான். இருபது ஆண்டு பிந்தி.

புளூ ஹொரைசன் தட்டுகளை இன்று சேகரிப்பாளர்கள் எண்ணோடும் பெயர்ச்சீட்டோடும் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். நம் மேளக் கேசட்டுகளுக்கு அப்படியொரு முழுப் பட்டியல் வேண்டும். பல உறைகளில் குழுவின் பெயரும் ஊரும் மட்டும்தான் இருக்கும். தவில் யார், பம்பை யார் என்று இருக்காது. தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பழைய ரேடியோ செட் நடத்தியவர்கள் வீட்டுப் பரணில் இந்தக் கேசட்டுகள் இருந்தால், உறையில் உள்ளதை உள்ளபடி எழுதி நம் இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். வாசித்தவர்களின் பெயர் உங்களுக்குத் தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். வருவதை வைத்து அடுத்த வாரக் கட்டுரையைத் தொடங்கலாம்.

(தொடரும்)