திருமதிள்களின் அளவும் பழைய நிலப்படங்களும்

திருவரங்கம் பெரியகோயிலின் ஸப்தப்ராகாரங்களைத் திருப்பணி செய்தோர் பெயரிட்டு வழங்குவது கோயிலொழுகின் மரபு. அடிக்கணக்கு அதன் நோக்கமன்று. அக்கணக்கைத் தேடுவோர் ராபர்ட் ஆர்ம் என்பாரை நாடுவர். அவர் சேகரித்த கர்நாடகப் போர்க்கால நிலப்படங்கள் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. 1752இல் பிரெஞ்சுப் படை திருவரங்கத் தீவில் புகுந்திருந்து, பின்னர்ச் சரணடைந்தது. படைகளின் போக்கைக் குறிக்க எழுந்த படங்களில் பெருமாள் எழுந்தருளியிருக்கும் திவ்யதேசம் ஓர் அரணாகவே நின்றதில் வியப்பில்லை.

1763இல் வெளிவந்த தம் வரலாற்றில் ஆர்ம், புறமதிளின் சுற்றளவு ஏறக்குறைய 4 மைல் என்றும், மதிள்களுக்கு இடையே 350 அடி என்றும் எழுதினார். 1876இல் பெர்குசன் நூல் தந்த அளவோ 2,880 அடிக்கு 2,475 அடி. சுற்றளவு 10,710 அடி, அதாவது சற்றேறக்குறைய 2 மைலே. இரட்டிப்பு நேர்ந்த வழியை ஊகிக்கலாம். ஏழு மதிள்களுக்கும் 350 அடியே இடைவெளி எனக் கொண்டு பெருக்கினால், சுற்றளவு 4 மைலை நெருங்கிவிடும். அளவுகோல் கொண்டு வரைந்த படத்தில் இவ்வழு நில்லாது. சொல்லால் எழுதிய கணக்கில் நிற்கும். உள்திருச்சுற்றுகள் ஒன்றையொன்று எத்துணை நெருங்கியவை என்பதை ப்ரதக்ஷிணம் செய்யும் அடியார் எவரும் அறிவர். ஆர்முக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை.