பொதுச் சுகாதார நுண்ணுயிரியல் ஆய்வகங்கள்: திண்டுக்கல் சமவெளி

நோயாளியின் ரத்தம், சளி, மலம் ஆகியவற்றில் கிருமியைத் தேடுவதுடன், அது ஊரில் பரவுகிறதா என்றும் கண்காணிக்கும் அரசு ஆய்வகங்களே பொதுச் சுகாதார நுண்ணுயிரியல் ஆய்வகங்கள். தனியார் லேபின் ரிப்போர்ட் பெரும்பாலும் நோயாளியோடும் அவருடைய டாக்டரோடும் நின்றுவிடும். இங்கே வரும் முடிவு கொசு ஒழிப்புப் பணியாளருக்கும் மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலப்பவருக்கும் போய்ச் சேர்ந்தால்தான் பயன்.

திண்டுக்கல் 1985இல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரி என்றால் நுண்ணுயிரியல் துறை கட்டாயம். மாவட்டத்துக்கு அதன் பெரிய வரவு இந்தத் துறைதான் என்று சொல்லலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியையும் மலேரியாவுக்கான ரத்தப் பூச்சையும் பார்ப்பார்கள். அதற்கு மேற்பட்டவை தலைமை மருத்துவமனைக்கும், அரியவை சென்னை கிண்டி கிங் நிலையத்துக்கும் போகும்.

சமவெளியில் ஆய்வகத்துக்கு அதிக வேலை கொடுப்பது டெங்கு. குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வரும் ஊர்களில் டிரம்மிலும் சிமென்ட் தொட்டியிலும் பிடித்து வைக்காமல் முடியாது. ஏடிஸ் கொசு முட்டையிடுவதும் அங்கேதான். காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் என்எஸ்1 புரதத்தையும், அதற்குப் பிறகு ஐஜிஎம் எதிர்ப்பொருளையும் தேட வேண்டும். நாள் தவறினால் டெங்கு இருந்தும் ‘இல்லை’ என்று வரக்கூடும். ஆகவே சீட்டில் காய்ச்சல் தொடங்கிய தேதியை எழுதாமல் அனுப்பும் ரத்தம் பாதி வீண். அரசுக் கணக்கு எலைசா முடிவையே ஏற்கிறது, கார்டு டெஸ்ட்டை அல்ல. எலைசா தட்டில் 96 குழிகள் உண்டு. மாதிரிகள் சேரும்வரை காத்திருப்பதும் தாமதத்துக்கு ஒரு காரணம்.

டைபாய்டின் நிலை வேறு. ஒரே ஒரு விடால் டெஸ்ட்டை வைத்து ‘டைபாய்டு’ என்று முடிவு கட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. பழைய தொற்றோ தடுப்பூசியோகூட அதில் எதிரொலிக்கும். ரத்தத்தை வளர்ப்பு ஊடகத்தில் இட்டுக் கிருமியை வளர்த்துப் பார்ப்பதே நம்பகமானது. எந்த மருந்துக்கு அது மடங்கும் என்பதும் அப்போதுதான் தெரியும்.

காசநோயில் மாற்றம் பெரிது. ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தால்தான் நுண்ணோக்கியில் தட்டுப்படும். சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் அதைவிட மிகக் குறைவான அளவையும் சில மணி நேரத்தில் பிடிக்கின்றன; ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படாததையும் காட்டிவிடுகின்றன. திட ஊடகத்தில் வளர்ப்பதானால் எட்டு வாரம்வரை ஆகும்.

மாதிரியை எடுத்துச் செல்லும் விதம் கருவியைவிட முக்கியம் என்று தோன்றுகிறது. எதையும் ஐஸ் பெட்டியில் வைத்தால் போதும் என்பது தவறான எண்ணம். ரத்த வளர்ப்புப் புட்டியையும், மூளைக்காய்ச்சலில் பாக்டீரியா வளர்ப்புக்கு எடுக்கும் தண்டுவட நீரையும் குளிரவைக்கக் கூடாது. போலியோ சந்தேகத்தில் எடுக்கும் மலத்துக்குக் குளிர் விட்டுப்போகக் கூடாது. திடீரெனக் கை கால் தொய்ந்த குழந்தையிடம், பதினான்கு நாளுக்குள், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மாதிரிகள் எடுத்து, 400 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கிண்டிக்கு அனுப்ப வேண்டும். 1899இல் நிறுவப்பட்ட கிங் நிலையம் பெரியம்மைத் தடுப்பூசி தயாரித்த இடம். இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் போலியோ ஆய்வக வலையமைப்பில் ஒன்று. 2014இல் இந்தியா போலியோ அற்ற நாடு என்ற சான்று பெற்ற பிறகும் இந்தச் சோதனை நிற்கவில்லை.

கொரோனாவின் தொடக்க நாட்களில் மாநிலத்தில் சோதனைக்கு அனுமதி பெற்ற முதல் சில கூடங்களில் பக்கத்து மாவட்டமான தேனியின் அரசு மருத்துவக் கல்லூரியும் ஒன்று. பிறகுதான் ஆர்டி-பிசிஆர் மாவட்டந்தோறும் பரவியது.

வயிற்றுப்போக்கு பரவினால் மலத்தோடு குடிநீரையும் சோதிப்பார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி 100 மில்லிலிட்டர் குடிநீரில் ஈ.கோலை தென்படவே கூடாது. முடிவுகள் 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் வழியாக மாவட்ட, மாநில அலுவலகங்களுக்குப் போகும். 2021 முதல் இணையத்தில் பதிவாகின்றன. காசநோயைக் கண்டறியும் தனியார் மருத்துவமனைகளும் அதை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம்.