தோல் வட்டாரத்தில் பழக்கமும் நட்பும்: படிநிலைகள் குறித்த ஆய்வு

1. எல்லையும் வரையறையும்

பாலாற்றை ஒட்டியும் அதற்கு அருகிலும் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தொடரும் ஊர்களை இக்கட்டுரையில் தோல் வட்டாரம் என்கிறோம். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டதால் இவ்வூர்கள் இன்று மூன்று ஆட்சியர்களின் கீழ் உள்ளன. ஆயினும் தொழிலாலும் போக்குவரத்தாலும் இது ஒரே வட்டாரம்தான்.

இரண்டு சொற்களைத் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரே இடத்தில், ஒரே வேளையில் பலமுறை சந்திப்பதால் இருவருக்கிடையே உண்டாகும் அறிமுகமும் நம்பிக்கையும் பழக்கம். அச்சந்திப்புக்குக் காரணமான வேலையோ வழியோ இல்லாமற்போன பின்னும் எஞ்சி நிற்கும் பழக்கம் நட்பு. திருக்குறளில் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் நட்பைப் பற்றியவை. அவற்றுள் நட்பாராய்தல் முன்னும் பழைமை பின்னும் வைக்கப்பட்டுள்ளன. ஆராய்ந்த பிறகே உரிமை என்னும் அவ்வரிசையையே நாமும் பின்பற்றுகிறோம்.

2. காரணம்: இடைப்பொழுது

முதலாளிக்கும் சொந்தமில்லாமல், வீட்டுக்கும் சொந்தமில்லாமல் உழைப்பவருக்கு வாய்க்கும் சிறு நேரத்தை இடைப்பொழுது என்று பெயரிடுகிறோம். பழக்கம் விளையும் நிலம் இதுவே.

முன்பு தோல், சுண்ணாம்புத் தொட்டியிலும் ஆவாரம்பட்டை, கடுக்காய்ச் சாற்றிலும் வாரக்கணக்கில் ஊறிக் கிடந்தது. அந்த வேலையில் காத்திருப்பு மிகுதி, பேச்சும் மிகுதி. 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. தொழில் முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும், பிறகு ஷூவுக்கும் நகர்ந்தது. ஷூ கம்பெனிகளில் பெண்கள் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். வேலையின் வேகத்தை கன்வேயர் தீர்மானித்தது. ஆண்களுக்கு டீக்கடையும், தோல் மண்டியும், தொழுகை முடிந்த பள்ளிவாசல் முற்றமும் இடைப்பொழுதின் இடங்களாக நீடித்தன. பெண்களுக்குக் கிடைத்தவை கம்பெனி பஸ்ஸும் மதியச் சாப்பாட்டு நேரமும் மட்டுமே. ஆகவே இவ்வட்டாரத்தில் பழக்கத்தின் வரலாற்றை எழுத விரும்புபவர் டீக்கடையோடு நின்றுவிட்டால் பாதியைத்தான் எழுதியவர் ஆவார்.

மொழி துணைக் காரணம். முஸ்லிம் வீடுகள் பலவற்றில் தக்கனி உருது, தெருவில் தமிழ். உருதுவில் உடன்பிறந்தானைக் குறிக்கும் ‘பாய்’, தமிழ் பேசுவோர் வாயில் ஒரு சமூகத்தார் அனைவருக்குமான மரியாதை விளியாயிற்று. பெயர் தெரியாத நிலையிலேயே உறவுமுறை கிடைத்துவிடுகிறது.

3. படிநிலைகள்

பழக்கம் நான்கு படிகளில் ஏறுகிறது: முகப்பழக்கம், பேச்சுப்பழக்கம், கைமாற்றுப் பழக்கம், அடுப்படிப் பழக்கம். முதல் இரண்டையும் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பஸ்ஸில் தினமும் ஒருத்தி இன்னொருத்திக்கு இடம் பிடித்து வைப்பது முதலாவது. டிபன் பாக்ஸ் மூடியில் குழம்பு கைமாறத் தொடங்குவது இரண்டாவது.

மூன்றாவது படியே திருப்புமுனை. பத்திரமும் வட்டியும் இன்றி, சில நாளில் திருப்பித் தருவதாக வாங்கும் சிறுதொகை கைமாற்று. கேட்பவர் தம் குறையைத் திறந்து காட்டுகிறார். கொடுப்பவர் சாட்சியின்றி நம்புகிறார். கைமாற்றின் கூட்டு வடிவம் சீட்டு. பத்துப் பெண்கள் மாதம் ஆளுக்கு 1,000 ரூபாய் கட்டினால் மாதம் ஒருவருக்கு 10,000 ரூபாய் சேரும். யாருக்கு என்பதைக் குலுக்கல் சொல்லும். முதல் மாதம் எடுத்தவர் மற்ற ஒன்பது பேருக்கும் கடனாளி. கடைசியில் எடுப்பவர் அதுவரை எல்லோருக்கும் கடன் கொடுத்தவர். மேற்கு ஆப்பிரிக்காவில் யொரூபா மக்களின் சீட்டான ‘ஏசூசூ’ இதே அமைப்புடையது. மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் ‘கஸ்டமர்’ என்ற சொல் வாங்குபவரையும் விற்பவரையும் ஒருங்கே சுட்டுவதையும் இங்கே நினைக்கலாம்: கடனும் நம்பிக்கையும் இருபுறமும் பாயும் இடத்தில் சொல்லும் இருபுறத்துக்கும் பொதுவாகிறது.

எனினும் சீட்டில் சேர்ந்திருப்பதே நட்பாகிவிடாது. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஒருத்தி, குலுக்கலில் பெயர் வந்தவளிடம், “இந்த மாசம் எனக்கு விட்டுக்கொடுக்கா” என்று கேட்கிறாள். அவள் விட்டுக்கொடுத்தால், அதுவே நாம் தேடும் அடையாளம். கணக்கில் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் ஒருத்தியின் காத்திருப்பை இன்னொருத்தி தனக்கு ஏற்றுக்கொண்டாள். இதற்கு நேர்மாறானது குழுக் கடன். ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்னும் விதி, முன்பே இருந்த பழக்கத்தைப் பிணையாக மாற்றிவிடுகிறது. இவ்விரண்டையும் ‘மகளிர் ஒற்றுமை’ என ஒரே பெயரால் அழைப்பது பிழை என்பது எம் முடிபு.

4. இரு தனி வகைகள்

வேலூர் நகரில் வேறொரு வகை உண்டு. 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவப் பணி வளர்ந்து உருவான கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். அதைச் சுற்றிய தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள் உள்ளன. கடைக்காரர்கள் அம்மொழியில் விலை பேசுகின்றனர். விடுதி மாடியில் அடுத்தடுத்த அறைக்காரர்கள் ஒரே வாரத்தில் மூன்றாம் படியை எட்டிவிடுவதுண்டு. நோய் நாட்களைச் சுருக்குகிறது. இதை அவசரப் பழக்கம் எனலாம்.

மற்றொன்று, ஷூவின் மேற்பாகத்தை வீட்டிலிருந்தே கையால் தைக்கும் பெண்களின் நிலை. ஏஜெண்ட் கொண்டுவந்து கொடுக்கிறார். கூலி ஜோடிக் கணக்கில். இவர்களுக்கு பஸ்ஸும் இல்லை, மதிய மணியும் இல்லை. வாசற்படியில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து அமர்ந்து தைக்கும்போது மட்டுமே இடைப்பொழுது பிறக்கிறது, அதுவும் கை நிற்காமல்.

5. தடை

ஒருவர் மற்றவர் வீட்டு அடுப்படிவரை உரிமையோடு போய்வரும் நான்காம் படியை அடைவோர் குறைவு. ரமலானில் நோன்புக் கஞ்சி அண்டை வீட்டுக்குப் போகிறது. முஸ்லிம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காயும் எல்லாச் சமூகத்தாருக்கும் பரிமாறப்படுகின்றன. இவை பெருமைக்குரியவை. ஆனால் தோலைத் தொட்டுச் செய்யும் வேலையைத் தலைமுறைகளாகத் தாங்கிய தலித் குடும்பங்களின் குடியிருப்புகள் இன்றும் பல ஊர்களில் தனித்தே இருக்கின்றன. பஸ்ஸில் ஒரே இருக்கையில் வந்தவர்கள், இறங்கியதும் வெவ்வேறு திசையில் நடக்கின்றனர். ஒருவர் மற்றவர் வீட்டு வாசலோடு நின்றுவிட்டால், அப்பழக்கம் எத்தனை ஆண்டு பழையதாயினும் மூன்றாம் படியிலேயே நின்றுவிட்டது.

இவ்வட்டாரத்தை ஆராய வரும் இளையோரிடம் நாம் கேட்பது இது: பிரியாணிக் கடை மேசையிலிருந்து தொடங்காதீர்கள். யார் வீட்டு அடுப்படிக்குள் யார் போகிறார், யார் வாசலில் நின்று பேசிவிட்டுத் திரும்புகிறார் என்று தெருத்தெருவாகக் கேட்டு எழுதுங்கள்.