மயக்க மருந்தும் மூளையின் காவல்காரர்களும்

"ஆபரேஷன் நல்லபடியாத்தான் முடிஞ்சுது. ஆனா அதுக்கப்புறம் அப்பா பழைய மாதிரி இல்லை." வயதானவர்கள் இருக்கும் பல வீடுகளில் கேட்கக்கூடிய பேச்சு இது. எலும்பு கூடிவிடும், தையலும் பிரித்துவிடுவார்கள். ஆனால் மறதி வந்து ஒட்டிக்கொள்ளும். நேற்று வந்தவர் யார் என்பது நினைவிருக்காது. கணக்கு வழக்கில் தடுமாற்றம். உடனே வீட்டில் தீர்ப்பும் வந்துவிடும்: "எல்லாம் அந்த மயக்க மருந்து பண்ணின வேலை!"

இது புதிய சந்தேகம் அல்ல. மயக்க மருந்துக்கு என்ன வயதோ, ஏறக்குறைய அதே வயது இதற்கும் உண்டு. இதற்கு விடை தேடிப் போனவர்கள் கடைசியில் வந்து சேர்ந்தது மூளைக்குள் காவல் காக்கும் நோய் எதிர்ப்பு செல்களிடம். அவற்றின் பெயர் மைக்ரோக்ளியா.

ஈதரும் தொட்டாற்சிணுங்கியும்

1846 அக்டோபர் 16. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர், கில்பர்ட் அபட் என்ற நோயாளியை ஈதர் ஆவியை முகரச் செய்தார். டாக்டர் ஜான் காலின்ஸ் வாரன் அவருடைய கழுத்தில் இருந்த கட்டியை அறுத்தார். அலறல் இல்லை! அதுவரை நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, எவ்வளவு வேகமாக அறுக்கிறாரோ அவ்வளவு நல்ல டாக்டர் என்ற நிலைமைதான் இருந்தது. அடுத்த ஆண்டே எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார்.

இந்த மருந்து நரம்பை மட்டும்தான் தொடுகிறதா? பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி கிளாட் பெர்னார்ட் இதைச் சோதிக்க எடுத்துக்கொண்டது நரம்பே இல்லாத ஒரு செடி. அதுதான் தொட்டாற்சிணுங்கி. ஈதர் ஆவி பட்ட செடியின் இலைகள் தொட்டாலும் சுருங்கவில்லை. ஈதர் கலைந்ததும் பழையபடி சுருங்க ஆரம்பித்தன. மயக்க மருந்து உயிருள்ள எந்த செல்லையும் பாதிக்கும் என்று 1875-ல் வெளிவந்த தன் சொற்பொழிவு நூலில் அவர் வாதிட்டார்.

அப்படியானால் கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுக்கள் என்ன ஆகும்? செல்கள் அந்நியப் பொருளை விழுங்குவதை 1882-ல் மெச்னிகாஃப் நட்சத்திர மீனின் இளம் பருவ உயிரிகளில் கண்டார். அமெரிக்க டாக்டர் எவார்ட்ஸ் கிரகாம் 1911-ல் ஈதரையும் இந்த விழுங்கும் வேலையையும் சேர்த்து ஆராய்ந்தார். ஈதர் மயக்கத்துக்குப் பிறகு அந்தத் திறன் குறைகிறது என்பது அவர் கண்ட முடிவு. ஆனால் இவை எல்லாம் ரத்தத்தில் நடப்பவை. மூளைக்குள்ளும் அப்படி ஒரு காவல் படை இருக்கிறது என்பதே அப்போது யாருக்கும் தெளிவாகத் தெரியாது.

மாட்ரிட்டில் நடந்த சண்டை

நரம்பு செல்களுக்கு இடையில் இருப்பதற்கு 1856-ல் ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ச்சோ வைத்த பெயர் நியூரோக்ளியா. நரம்புப் பசை என்று பொருள். வெறும் பசை! ஸ்பெயினின் சாண்டியாகோ ரமோன் இ கஹால் நரம்பு செல்களை அழகாக வரைந்து 1906-ல் நோபல் பரிசு பெற்றவர். அவருக்கும் இந்த மிச்சம் மீதி செல்கள் சரியாகப் பிடிபடவில்லை. 1913-ல் அவற்றை 'மூன்றாவது மூலகம்' என்று சொல்லி வைத்தார்.

அவருடைய ஆய்வகத்திலேயே வேலை பார்த்த பியோ டெல் ரியோ ஒர்த்தேகா, வெள்ளிக் கார்பனேட்டை வைத்து ஒரு புதிய சாயமுறையைக் கண்டுபிடித்தார். அதில் சின்ன உடலும் கிளை கிளையான கைகளும் கொண்ட செல்கள் பளிச்சென்று தெரிந்தன. 1919-ல் அவற்றுக்கு மைக்ரோக்ளியா என்று பெயர் வைத்தார். நோய் வந்தால் இவை வடிவம் மாறும், நகரும், சிதைந்ததை விழுங்கும் என்றும் எழுதினார். அடுத்த ஆண்டே குருவுக்கும் சீடனுக்கும் மனக்கசப்பு முற்றி, ஒர்த்தேகா ஆய்வகத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். பிறகு ஸ்பெயின் உள்நாட்டுப் போர் நாட்டை விட்டே துரத்தியது. பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்டு என்று அலைந்து 1945-ல் பியூனஸ் அயர்ஸில் காலமானார். தான் பெயர் வைத்த செல்கள் பின்னாளில் எவ்வளவு பெரிதாகப் பேசப்படும் என்பதைப் பார்க்க அவர் இல்லை.

மருந்தா, கத்தியா?

இதற்கிடையே நோயாளிகள் பக்கமிருந்தும் செய்திகள் வந்துகொண்டுதான் இருந்தன. லண்டன் பெத்லெம் மனநல மருத்துவமனையின் ஜார்ஜ் சாவேஜ், மயக்க மருந்துக்குப் பின் மனநிலை பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 1887-லேயே எழுதினார். 1955-ல் பெட்ஃபோர்டு என்ற இங்கிலாந்து டாக்டர், முழு மயக்கத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 50 வயதைத் தாண்டிய 1193 பேரைப் பற்றி ஆராய்ந்து 'லான்செட்' இதழில் எழுதினார். கட்டாயம் தேவை என்றால் மட்டுமே வயதானவர்களுக்கு ஆபரேஷன் செய்யுங்கள் என்பது அவருடைய யோசனை.

1998-ல் வெளிவந்த ஒரு சர்வதேச ஆய்வு இதைக் கணக்காகவே காட்டியது. 60 வயதுக்கு மேற்பட்ட 1218 நோயாளிகளில், ஒரு வாரம் கழித்து 25.8 சதவீதம் பேருக்கு நினைவாற்றலிலும் சிந்தனையிலும் சரிவு. மூன்று மாதம் கழித்து 9.9 சதவீதம். ஆபரேஷன் செய்துகொள்ளாதவர்களிடம் இது முறையே 3.4, 2.8 சதவீதம்தான். ஆக, வீடுகளில் சொல்லப்பட்டது பொய்யல்ல.

ஆனால் குற்றவாளி மயக்க மருந்துதானா? அப்படியென்றால் முழு மயக்கம் தராமல், உடம்பின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்து ஆபரேஷன் செய்தால் பிரச்சினை குறைய வேண்டும் அல்லவா? 2003-ல் இதைச் சோதித்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் முழு மயக்கத்தில் 14.3 சதவீதம், மற்றதில் 13.9 சதவீதம். வித்தியாசமே இல்லை!

2007-ல் மெர்வின் மேஸின் குழு எலிகளிடம் இதைப் பிரித்துப் பார்த்தது. சில எலிகளுக்கு மயக்க மருந்து மட்டும். சிலவற்றுக்கு மருந்தோடு மண்ணீரலை அகற்றும் அறுவை. நினைவு தடுமாறியது அறுவை நடந்த எலிகளுக்குத்தான். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் க்ளியா செல்கள் தூண்டப்பட்டிருந்தன. இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதமும் கூடியிருந்தது. அதாவது கத்தி பட்டது வயிற்றில். அபாய மணி அடித்தது தலைக்குள். வயதான மூளையில் மைக்ரோக்ளியா ஏற்கெனவே உஷார் நிலையில் இருப்பதால், சின்னத் தூண்டுதலுக்கும் அதிகமாகக் கொதிக்கின்றன.

இதற்காக மருந்து முழு நிரபராதி ஆகிவிடாது. 2013-ல் ஒரு சோதனையில், பிறந்து ஆறு நாளே ஆன எலிக்குஞ்சுகளுக்கு செவோஃப்ளூரேன் வாயுவை மூன்று நாள் தொடர்ந்து கொடுத்தார்கள். கத்தியே படாமல் மூளையில் அழற்சி வந்தது.

தூங்க வைத்துவிட்டுக் காவலைப் பார்த்தவர்கள்

இந்தக் கதையின் பெரிய வேடிக்கை இனிமேல்தான். 2005-ல் நிம்மர்யான் குழு, உயிருள்ள எலியின் மெலிதாக்கிய மண்டை ஓட்டின் வழியே லேசர் நுண்ணோக்கியால் மைக்ரோக்ளியாவைப் படம் பிடித்தது. சும்மா இருப்பதாக நினைத்த செல்கள் கைகளை நீட்டி மடக்கி, சில மணி நேரத்துக்கு ஒரு முறை மூளைத் திசு முழுவதையும் துழாவிக்கொண்டிருந்தன. எல்லோரும் வியந்தார்கள். ஒரு சிக்கல்: அந்த எலிகள் மயக்கத்தில் இருந்தவை!

2018-ல் லண்டனில் டேவிட் அட்வெல் குழு, மூளைத் துண்டுகளை வைத்துச் செய்த சோதனைகளில் ஒரு விஷயத்தைக் கண்டது. மைக்ரோக்ளியாவின் கைகள் நீள திக்-1 என்ற பொட்டாசியம் வாயில் தேவை. மயக்க வாயு அந்த வாயிலை அடைத்துவிடும். ஆனால் 2019-ல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் விழித்திருக்கும் எலிகளோடு ஒப்பிட்டபோது நேர்மாறான காட்சி. மயக்கத்தில்தான் கைகள் அதிகம் நீண்டன. காரணம், விழிப்பில் சுரக்கும் நார்எபிநெஃப்ரின் அவற்றை அடக்கி வைக்கிறது. மயக்கத்தில் அந்தக் கட்டு தளர்கிறது. ஒரே மருந்து, செல்லை நேராகத் தொட்டால் ஒரு விளைவு. மூளை முழுவதையும் அமைதியாக்கும்போது வேறொரு விளைவு. இப்படி, மயக்கத்தில் நடப்பதையே பல வருடங்கள் இயல்பு என்று நினைத்திருக்கிறார்கள்.

2024-ல் இன்னும் ஒரு படி. மயக்கத்தின்போது எலிகளின் மைக்ரோக்ளியா, நரம்பு செல்களை அடக்கும் இணைப்புகளுக்குள் கையை நுழைத்து மறைத்துக்கொள்வதும், அதனால் தெளியும் நேரத்தில் நரம்பு செல்கள் அதிகமாகத் துடிப்பதும் தெரியவந்தது. மயக்கம் தெளிந்ததும் சிலர் குழம்பிப் பதறுவதைப் புரிந்துகொள்ள இது உதவலாம்.

வீட்டுத் தீர்ப்பு சரியா?

2021-ல் இடுப்பெலும்பு முறிந்த 1600 பேரிடம் செய்த ஆய்வில், முதுகுத்தண்டில் ஊசி போட்டவர்களில் 20.5 சதவீதம் பேருக்கும், முழு மயக்கம் கொடுத்தவர்களில் 19.7 சதவீதம் பேருக்கும் மனக்குழப்பம் வந்தது. குழந்தைகள் விஷயத்திலும் ஆறுதல் உண்டு. கைக்குழந்தைப் பருவத்தில் ஒரு முறை, ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக செவோஃப்ளூரேன் பெற்றவர்களின் அறிவு வளர்ச்சி ஐந்து வயதில் குறையவில்லை என்று 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆகவே மயக்க மருந்துக்குப் பயந்து தேவையான ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது தவறு. அதே சமயம், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று அந்தக் குழப்பத்தைத் தள்ளிவிடுவதும் தவறு. ஏற்கெனவே மறதி இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லலாம். கண் விழித்ததும் மூக்குக் கண்ணாடியும் காது மெஷினும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இரவில் நல்ல தூக்கம், சீக்கிரம் எழுந்து நாலு அடி நடை, பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்று... இவையும் மருந்துதான். தூங்கியது அப்பாதான், அவருடைய மூளையின் காவல்காரர்கள் அல்ல. அவர்கள் அமைதியாக இன்னும் சில நாள் ஆகும்.