லைனும் லயமும்: ஒரே வேரின் இரு கிளைகள்

கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளை ‘லைன்’ என்பர். இலங்கை மலையகத் தோட்டங்களில் அதே ஆங்கிலச் சொல் ‘லயம்’ என வழங்குகிறது. இரண்டும் குறிப்பது ஒன்றையே: வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட ஓரறை வீடுகள், வேலை உள்ளவரை கூரை, வேலை போனால் கூரையும் இல்லை. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃப் பகுதியிலும் களப்பணிக்காக நடக்கும்போதெல்லாம் இந்தச் சொல்லுறவு என் நினைவுக்கு வருகிறது. அகதியர் வரலாற்றைப் படிப்போர் தங்கவயலையும் ஏன் படிக்க வேண்டும் என்ற வினாவுக்கு விடை இதில் இருப்பதாகக் கருதுகிறேன்.

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்குச் சுரங்கத் தொழிலைத் தொடங்கியபோது, வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து மக்கள் மைசூர் அரசின் எல்லைக்குள் வந்தனர். பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1876–78 பெரும்பஞ்சத்தின் வடு ஆறாத காலம் அது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும், திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்தும் மற்றொரு கூட்டம் கங்காணிகளின் பின்னே கடல் கடந்து, கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றது. பசியும் ஒன்று, சாதியும் ஏறத்தாழ ஒன்று. மேற்கே நடந்தவர் நிலத்தடிக்கும், தெற்கே கப்பலேறியவர் மலைமேலும் சென்றனர்.

இவ்விரு கிளைகளின் ஊழைப் பிரித்தவை சட்டங்களே. 1956-இல் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது தங்கவயல் மைசூர் மாநிலத்திலேயே நின்றது. அங்குள்ள தமிழர் மொழிச் சிறுபான்மையினராயினர். எனினும் இந்தியக் குடியுரிமையும் வாக்குரிமையும் அவர்களிடமே இருந்தன. இலங்கையிலோ, 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் பறிபோனது. தேயிலைக் கொழுந்து பறித்த கை ஒரே நாளில் ‘அந்நிய’க் கையாயிற்று. எல்லையைத் தாண்டுவதால் மட்டும் ஒருவர் ஏதிலி ஆவதில்லை. அசையாமல் இருந்த இடத்திலேயே சட்டம் ஒருவரை ஏதிலி ஆக்க முடியும்.

இச்சிக்கலைத் தீர்க்க எழுந்ததே 1964 அக்டோபர் 30-ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்தனர். இரு அரசுகளும் ஒத்துழைத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் பகிரப்பட்ட மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளரின் தலைவரான எஸ். தொண்டமான் இதனை வெளிப்படையாகவே எதிர்த்தார்.

தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்து மண்டபம் முகாமில் இறங்கியோரின் கையில் ‘குடும்ப அட்டை’ இருந்தது. தோட்ட வேலை, நூற்பாலை வேலை, வணிகக் கடன் என அவரவர்க்குரிய மறுவாழ்வுத் திட்டம் அதில் குறிக்கப்பட்டது. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள், கேரளத்தின் புனலூரில் ரப்பர்த் தோட்டம், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் வட்டங்களில் வனவளர்ச்சிக் கழகத்தின் ரப்பர்த் தோட்டங்கள் ஆகியன இவ்வாறு எழுந்தவை. தாயகம் திரும்பியோருக்கென 1969-இல் ரெப்கோ வங்கியும் உருவாயிற்று. இவை மெய்யான சாதனைகள். அதே வேளையில், தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவரிடம் சில ஆயிரம் ரூபாய்க் கடனைக் கொடுத்து வணிகம் செய்யச் சொன்னது மாபெரும் பிழை. கடன் கரைந்ததும் பலர் நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் கூலிகளாக ஏறினர். கொத்தடிமைகளாகச் சிக்கியோரும் உண்டு. சுள்ளியாவில் குடியேறியோர் சாதிச் சான்றிதழுக்கே நெடுங்காலம் அலைந்தனர். ‘தாயகம்’ என்ற சொல் அவர்களை வரவேற்றது. தாயகத்தின் அலுவலகங்கள் அவ்வாறு வரவேற்கவில்லை.

1984-இல் கப்பல் போக்குவரத்து நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டு பெற்றும் பயணப்படாத பல்லாயிரவர் இலங்கையிலேயே தங்கிவிட்டனர். 1977, 1983 வன்முறைகளால் மலையகத்தை விட்டு வன்னிக்குப் பெயர்ந்தோரில் பலர் பின்னர்ப் படகேறித் தமிழ்நாட்டு முகாம்களை அடைந்தனர். இந்திய வம்சாவளியினர் இந்தியாவிலேயே ‘இலங்கை அகதி’களான முரண் இவ்வாறு பிறந்தது. இந்தியாவும் இலங்கையும் 1951-ஆம் ஆண்டு அகதியர் உடன்படிக்கையில் இணையாத நாடுகள்; ஆகவே முகாமில் கிடைத்த பாதுகாப்பு, உரிமையாக அன்றி அரசின் பரிவாகவே அமைந்தது.

நாற்பதாண்டுகளுக்குப் பின் மற்றொரு வழி திறந்தது. 2003-இல் இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் அந்நாட்டில் நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை அளித்தது. ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாள், இம்முறை உரிமையின் தொடக்க நாளாயிற்று! ஐ.நா. அகதிகள் உயர் ஆணையமும் தோட்டத் தொழிற்சங்கங்களும் துணை நிற்க, பத்தே நாள்களில் சுமார் 1,90,000 பேர் குடியுரிமை பெற்றனர். எவரும் இடம்பெயரவில்லை, எந்தக் குடும்பமும் பிரியவில்லை.

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்தால் பன்னாட்டு ஒத்துழைப்பை அளக்கும் அளவுகோல் ஒன்று கிடைக்கிறது. 1964-இல் அரசுகள் மக்களைக் கணக்காக்கிப் பகிர்ந்தன. 2003-இல் மக்கள் வேரூன்றிய இடத்தையே சட்டம் ஏற்றுக்கொண்டது. முன்னது பயணச்சீட்டு, பின்னது முகவரி.

மீண்டும் தங்கவயலுக்கு வருவோம். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. இன்று விடியற்காலையில் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் ரயில்கள் சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளைப் பெங்களூருவின் கூலிவேலைகளுக்குச் சுமந்து செல்கின்றன. இவர்கள் அகதிகள் அல்லர்; இவர்களுக்காக எந்த ஒப்பந்தமும் கையெழுத்தாக வேண்டியதில்லை. ஆயினும், மூன்று தலைமுறை உழைத்தவருக்கு லைன் வீட்டின் மீது உரிமை உண்டா என்று இங்கு எழும் கேள்வியும், லயத்து மக்கள் காணிக்காக எழுப்பும் கேள்வியும் ஒன்றே. குடியுரிமை கிடைத்த பின்பும் மறுவாழ்வு பாதியிலேயே நிற்கலாம் என்பதற்கு இவ்விரு ஊர்களும் சான்று.

புலம்பெயர்வு ஆய்வில் இறங்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மலையகத்தையும் தங்கவயலையும் தனித்தனி அலமாரிகளில் வைக்காதீர்கள். வட ஆர்க்காட்டின் ஒரே சேரியிலிருந்து இரு திசைகளில் பிரிந்த குடும்பங்களின் நினைவுகளை, அவற்றைச் சொல்லக்கூடிய முதியோர் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள்.