நரம்பு தேடிய காலம்

மாவட்டம் 1989-இல் பிரிக்கப்படும் வரை செய்யாறு, ஆரணி ஆகிய ஊர்கள் வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. அவ்வூர்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் வேலூர்தான். 1900-இல் ஒரே படுக்கையோடு ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனை அங்கே ஓங்கி வளர்ந்திருந்தது.

ஆனால் அக்காலத்தில் வயிற்றுப்போக்கில் வறண்டுபோன கைக்குழந்தையை எங்கே கொண்டுபோனாலும் முதல் பாடு ஒன்றுதான்: டிரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்காது. கொழுகொழு கையில் எதுவும் தென்படாது. தலைமுடியை மழித்து நெற்றிப்பொட்டருகே குத்திப் பார்ப்பார்கள். அதுவும் தவறினால், கணுக்காலின் உட்புறம் தோலைக் கீறி, நரம்பை வெளியே எடுத்து, குழாயை நுழைத்து நூலால் கட்டுவார்கள். வெளியே தாய் நின்றுகொண்டிருப்பாள்.

உப்புநீரை நரம்பில் ஏற்றலாம் என்று 1832-இல் காலரா நோயாளிகளிடம் காட்டியவர் ஸ்காட்லாந்தின் தாமஸ் லாட்டா. அதே நாட்டின் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் 1958-இல் வயிற்றின் அல்ட்ராசவுண்ட் படங்களை வெளியிட்டார். இரண்டும் கைகோக்க வெகுகாலம் பிடித்தது. 1970-களின் இறுதியில்தான் கழுத்து நரம்பைக் கண்டுபிடிக்க அல்ட்ராசவுண்டை நாடத் தொடங்கினார்கள். 2002-இல் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு, கழுத்து நரம்பில் குழாய் செலுத்த, குழந்தைகளுக்கும் சேர்த்தே அதைப் பரிந்துரைத்தது.

அல்ட்ராசவுண்ட் திரையில் இரண்டு கருவட்டங்கள் தெரியும். தோல்மேல் வைக்கும் புரோபை லேசாக அழுத்தினால் சப்பையாகிவிடுவது சிரை, அதாவது டிரிப்ஸ் ஏற்றத் தேடும் நரம்பு. துடித்துக்கொண்டே நிற்பது தமனி. அவ்வளவு தெளிவு!

ஆனால் இந்தியாவில் அல்ட்ராசவுண்ட் கருவி ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட வேண்டும். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டத்தின் கீழ் உள்ள விதி அது. பெண் சிசுக்களைக் காக்க அவசியமானதும்கூட. அந்த விதிகளுக்கு உட்பட்டே குழந்தைகள் வார்டிலும் ஒரு கருவி இருக்கலாம். பிள்ளைக்கு மூன்றாம் முறை ஊசி தவறினால், பெற்றோரே, தயங்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்: ஸ்கேன் வைத்துப் பார்க்க முடியுமா?